கொடி ஏற்றினால் ஆள் வரும்

1. டெம்போ திரும்பிப் போன காலை

சாலை என்று பெயருள்ள கடைத்தெருவிலிருந்து எங்கள் ரிசார்ட்டுக்குத் தினமும் காய்கறி கொண்டுவரும் டெம்போ அன்று காலையும் கேட் வரை வந்தது. டிரைவர் இறங்கி, கேட்டைப் பார்த்தார். மறுபடி ஏறி ரிவர்ஸ் எடுத்தார். செக்யூரிட்டி ராஜன் கைகாட்டிக் கூப்பிட்டும் காதில் போட்டுக்கொள்ளாமல் வந்த வழியே போய்விட்டார். பின்னால் வந்த பால் வண்டியும் அப்படியே செய்தது. ஏர்போர்ட்டிலிருந்து ஒரு ஜெர்மன் தம்பதியை ஏற்றிவந்த டாக்சிக்காரர், கேட்டுக்கு வெகுதூரம் முன்பே அவர்களையும் பெட்டிகளையும் ரோட்டோரத்தில் இறக்கிவிட்டார். அந்த அம்மாள் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தே வந்தார்.

ராஜன் ஓடிப்போய்க் காரணம் கேட்டதற்கு டாக்சிக்காரர் சொன்ன பதில்: "அகத்து வரான் பற்றில்லா. சமரம் நடக்குதில்லையா? கொடி கண்டில்லே?"

உள்ளே வர முடியாதாம். சமரம் என்றால் வேலைநிறுத்தம். எங்கள் ரிசார்ட்டில் வேலைநிறுத்தம் இல்லை. நிறுத்துவதற்கு யூனியனே இல்லை. கேட்டுக்கு நடுவில் ஒரு சிவப்புக் கொடி மட்டும் இருந்தது. நட்டவள் நான். நடச் சொன்னவர் எம்.டி. அவருக்கு யோசனை கொடுத்தது மெக்சிகோ.

2. மெக்சிகோவில் ஒரு வாரம்

நான் ஸ்டெல்லா. பாறசாலைக்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், வேலையில் இங்கிலீஷ், கோபம் வந்தால் மூன்றும். விழிஞ்ஞம் தாண்டித் தெற்கே ஒரு பாறை உச்சியில் இருந்த அந்த ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. கீழே கடல், மேலே காட்டேஜ்கள், நடுவே பாறையில் வெட்டிய படிகள். அந்தப் படிகளில் விருந்தாளிகள் அழகு பார்ப்பார்கள். எங்கள் ஆட்கள் டிரேயோடு ஏறி இறங்குவார்கள்.

எம்.டி. முதலாளியின் மகன். பெங்களூரில் வளர்ந்தவர். மலையாளத்தில் 'மதி', அதாவது 'போதும்', என்ற ஒரு சொல் தெரியும். அதுவும் சாப்பாட்டு மேஜையில் கற்றது. அந்த வருஷம் கல்யாண நாளுக்கு மனைவியோடு மெக்சிகோ போய், பசிபிக் கடலோரத்தில் மலைமுகட்டில் தொங்கும் ஒரு சொகுசு ரிசார்ட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தார். வந்ததும் எங்கள் எல்லாரையும் ஸ்டாஃப் கேன்டீனில் உட்காரவைத்து ஆல்பத்தைக் காட்டினார்.

பாறை, கடல், வெள்ளைச் சுவர், ஓலைக் கூரை. பார்த்த மாத்திரத்தில் ரூம் பையன்களுக்குள் ஒரே கிசுகிசு. "இது நம்ம குளச்சல் மாதிரில்லா இருக்கு" என்றான் ஒருவன்.

"இந்த ஓலைக்கு அங்க டாலர்ல வாங்குறான்!" என்றார் எம்.டி.

எங்கள் ஆட்கள் பாதிப் பேர் வீட்டு ஓலையைப் பிரித்துவிட்டு எப்போது கான்கிரீட் போடலாம் என்று ஏங்கிக்கொண்டிருந்தவர்கள். 

பிறகு அந்தப் படம் வந்தது. காட்டேஜ் வாசலில் சின்னக் கம்பம், அதில் ஒரு சிவப்புக் கொடி.

"திஸ் இஸ் த கான்செப்ட்" என்றார். "நோ ஃபோன், நோ பெல், நோ ஷவுட்டிங். கொடியை ஏத்தினா போதும், ஆள் வரும். என்ன கேட்டாலும் கிடைக்கும். நான் ஒரு வாரம் அப்படித்தான் இருந்தேன். மகாராஜா மாதிரி."

பின்வரிசையிலிருந்து இசக்கிமுத்து எழுந்தான். "சார், கொடி ஏறினத ஆரு பாப்பாவ?"

எம்.டி. கொஞ்சம் யோசித்தார். ஒரு வாரம் கொடி ஏற்றி இறக்கியவருக்கு அந்த ஆளின் முகம் நினைவுக்கு வரவில்லை. "யாராவது பார்ப்பாங்க. தட் இஸ் த பியூட்டி" என்று முடித்துவிட்டார்.

மறுநாள் முதல் அந்த 'யாராவது' இசக்கிமுத்து என்று முடிவானது.

இந்த இசக்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வள்ளியூர்ப் பக்கத்துப் பையன். பல சீசனாக எங்களிடம் ரூம் பாய். ஆனால் பேப்பரில் டெம்பரரி. அவனைப்போல இன்னும் பலர் இருந்தார்கள், பெரும்பாலும் அவன் ஊர்ப் பக்கத்தவர்கள். மே மாதம் கடைசியில், மழை தொடங்கும் முன், எல்லாரையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அக்டோபரில் புதுசாகச் சேர்ப்பது போலச் சேர்ப்பார்கள். அதனால் யாருக்கும் சர்வீஸ் என்று ஒன்று சேராது, பி.எஃப். கிடையாது, ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும் ஈ.எஸ்.ஐ. கார்டு கிடையாது. அந்த வருஷம் இசக்கியின் மனைவி மாரி முழுகாமல் இருந்தாள். முதல் பிரசவம் கெட்டுப்போனவள். இந்த முறை பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிரசவம் ஜூனில். அவன் வேலை மே வரை.

"யக்கா, அந்தக் கார்டு மட்டும் கெடச்சா போதும். வேற ஒண்ணும் கேக்கல" என்பான். அவனைப் பெர்மனென்ட் ஆக்கச் சொல்லி நான் எம்.டி.யிடம் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் "பார்க்கலாம்" என்பார். இந்த முறை பதில் கொஞ்சம் நீண்டது: "ஃப்ளாக் சர்வீஸை எப்படிச் செய்றான்னு பார்க்கலாம்."

3. எல்லா நிறத்துக்கும் ஆள் உண்டு

கொடித் துணி வாங்க என்னைத்தான் சாலைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார்கள். லினன் ரூமும் டெய்லரும் என் பொறுப்பு. நான் வழக்கமாகத் துணி எடுக்கும் கடை முதலாளி திருநெல்வேலிக்காரர், மூன்று தலைமுறையாக அங்கே வியாபாரம். சிவப்புத் துணி என்று கேட்டதும் ஒரு கட்டை எடுத்து மேஜையில் போட்டார்.

"எந்த யூனியனுக்கும்மா?"

"யூனியனுக்கு இல்ல அண்ணாச்சி, ஓட்டலுக்கு."

"ஓட்டல் யூனியனா?"

"ஓட்டலுக்கேதான். விருந்தாளிக்கு ஏதாவது வேணும்னா கொடி ஏத்துவாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த ஊர்லயா?"

சரி, வேறு நிறம் காட்டுங்கள் என்றேன். பச்சையை எடுத்தார். அதற்கு ஒரு கட்சி. காவிக்கு ஒரு கட்சி. மஞ்சளுக்கு ஒரு சமுதாயச் சங்கம். நீலத்துக்கு இன்னொரு சங்கம். கறுப்பு, மந்திரிகளுக்குக் காட்டுவதற்கு, இல்லாவிட்டால் சாவு வீட்டுத் தெருமுனைக்கு. "வெள்ளைன்னா துண்டு காயுதுன்னு நெனப்பாவ" என்று கட்டை மடித்து வைத்தார். கேரளத்தில் ஒரு முழத் துணியைக்கூடச் சும்மா கம்பில் கட்ட முடியாது என்று அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

திரும்பி வந்து எம்.டி.யிடம் சொன்னேன். "சார், இங்க செவப்புக் கொடின்னா அர்த்தம் வேற."

"ஸ்டெல்லா, டோன்ட் பி நெகட்டிவ். ஆல்பத்துல ரெட். நமக்கும் ரெட்."

ஒருமுறை சொன்னேன். ஓட்டலில் ஒருமுறை சொன்னால் ஆலோசனை, இரண்டுமுறை சொன்னால் வாய்க்கொழுப்பு. ஃப்ரன்ட் ஆபீஸ் மேனேஜர், அக்கவுன்டன்ட், செஃப் எல்லாரும் இந்த ஊரில் பிறந்து கொடிகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள். அவர்கள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆசை அவர்கள் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

டெய்லர் தைத்தார். காட்டேஜ் வாசல்தோறும் கம்பம் நட்டோம். மறுநாள் காலை பிரோஷருக்குப் படம் எடுக்க ஆள் வருகிறார் என்று, எல்லாக் கொடிகளையும் முந்தின சாயங்காலமே ஏற்றிவைக்கச் சொன்னார் எம்.டி. "கேட்லயும் ஒண்ணு வைங்க. உள்ளே வரும்போதே கெஸ்டுக்குப் புரியணும்."

"கேட்ல எங்க சார்?"

"நடுவில."

நடுவிலேயே நட்டேன்.

4. காரணம் தேடிய கொடி

டெம்போ திரும்பிப்போன செய்தி எங்களுக்கு முன்னே ஜங்ஷனுக்குப் போய்விட்டது. சற்று நேரத்தில் சுகுமாரன் ஸ்கூட்டரில் வந்தார். அந்தப் பகுதிச் சுமைதூக்கும் தொழிலாளர் யூனியனின் கன்வீனர். சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்து வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார். கேட்டில் இருந்த கொடியைச் சுற்றிவந்து பார்த்தார். பாறை உச்சியெங்கும் பறந்த கொடிகளை அண்ணாந்து பார்த்தார். முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

"சேச்சி, எங்களோட ஒரு வாக்குச் சொல்லாம இத்தனை கொடி ஆரு குத்தினது? வேற யூனியன் வந்தாச்சா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. எம்.டி. ஆல்பத்தோடு இறங்கி வந்தார். நடு ரோட்டில், ஜெர்மன் தம்பதியின் பெட்டி மேல் ஆல்பத்தை விரித்துவைத்து, மெக்சிகோவை விளக்கினார். சுகுமாரன் பொறுமையாக ஒவ்வொரு படமாகப் பார்த்தார். கொடிப் படம் வந்ததும் நிறுத்தினார்.

"அப்போ அங்கே கொடி ஏறினா தொழிலாளி ஓடி வரும்."

"எக்ஸாக்ட்லி!" என்றார் எம்.டி.

"இவிடே கொடி ஏறினா முதலாளி ஓடி வரும். அவ்வளவுதான் வித்தியாசம்."

எம்.டி.க்குப் பாதி புரிந்தது. "ஓகே, ஓகே. மிஸ்டேக். எடுத்துடலாம். ராஜன், ரிமூவ் பண்ணு."

ராஜன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். தோட்டக்காரருக்குத் திடீரென்று கிணற்றடியில் வேலை நினைவுக்கு வந்தது. எம்.டி. தானே பிடுங்கப் போனார். சுகுமாரன் குரலை உயர்த்தவேயில்லை. "சார், குத்தினது ஆரானாலும் சரி. ரோட்டில போறவன் எல்லாம் கண்டாச்சு. வண்டி திரும்பியாச்சு. காரணம் இல்லாம குத்தி, காரணம் இல்லாம எடுத்தா, நாளைக்கு எங்க கொடிய ஆரு மதிக்கும்? ஒரு காரணம் வேணும்."

"வாட் காரணம்? இங்க ஒரு பிராப்ளமும் இல்ல. வீ ஆர் எ ஃபேமிலி. யாரை வேணா கேளுங்க!"

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

சுகுமாரன் எங்கள் பக்கம் திரும்பினார். ரூம் பையன்கள், கிச்சன் ஆட்கள், தோட்டத்துப் பெண்கள் என்று எல்லாரும் கேட்டருகே கூடியிருந்தோம். "பிரச்னம் ஏதாவது உண்டா?"

 இசக்கி என்னைப் பார்த்தான். அவன் வாயைத் திறந்து, சுகுமாரன் கைவிட்டுவிட்டால், மே வரை காத்திருக்க வேண்டாம், அன்று சாயங்காலமே வள்ளியூர் பஸ் ஏற வேண்டியதுதான். திறக்காவிட்டால் ஜூனில் மாரிக்கு ஆஸ்பத்திரி இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.  எனக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆனாலும் அவன் அப்படிப் பார்த்தபோது சும்மா நிற்க முடியவில்லை.

"இசக்கி, சார்தான் கேக்கச் சொல்லுதாரு. சொல்லு" என்றேன்.

அவன் ஓரடி முன்னால் வந்தான். "பிரச்னைன்னு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. மே மாசம் எங்கள ஊருக்குப் போகச் சொல்லாம இருந்தா போதும். ஒரு ஈ.எஸ்.ஐ. கார்டு. அவ்வளவுதான்."

"எத்தனை சீசனா இருக்கே?"

சொன்னான். அடுத்தவன் சொன்னான். அதற்கடுத்தவன். கேட்டுக்கொண்டே வந்த சுகுமாரனின் குழப்பம் தெளிந்துகொண்டே வந்தது. "கொள்ளாம், நல்லாருக்கு" என்றார் கடைசியில். "காரணம் கிட்டியாச்சு சார்."

எம்.டி. முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே போய் பெங்களூருக்கு, அவர் அப்பாவுக்கு, ஃபோன் போட்டார். ரிசப்ஷனில் நின்ற எங்களுக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது. "ரெட் ஃப்ளாக் டாடி... கேட்ல... இல்ல, யூனியன் இல்ல... நாமதான் வெச்சோம்."  அதற்குப் பிறகு அவர் ரொம்ப நேரம் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் மில் நடத்திய மனிதர். சீசன் நடுவில், ரூம் நிறைய ஆள் இருக்கும்போது, காய்கறியும் பாலும் இல்லாமல் எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று மகனைவிட அவருக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தானது. டெம்பரரி ஆட்கள் எல்லாரும் பெர்மனென்ட். அன்று விருந்தாளிகளுக்கு மதியச் சாப்பாடு சோறும் மிச்சமிருந்த மீனும்தான். ஜெர்மன் அம்மாள் இது கேரள முறையா என்று கேட்டு, ரசித்துச் சாப்பிட்டார்.

சுகுமாரன் கேட்டில் இருந்த கொடியை மரியாதையாக எடுத்துச் சுருட்டினார். காட்டேஜ் கொடிகளையும் கழற்றித் தரச் சொன்னார். துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, "நல்ல துணியாக்கும். மே தினத்துக்கு ஆவும்" என்று ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனார். 'எந்த யூனியனுக்கு' என்று சாலைக் கடைக்காரர் கேட்டதில் தவறே இல்லை.

அன்று டிரே அடுக்கும்போது இசக்கி பக்கத்தில் வந்து நின்றான். "யக்கா, கொடி ஏத்தினா கேட்டது கெடைக்கும்னு எம்.டி. சொன்னாருல்லா?" என்றான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். நானும் கொஞ்ச நேரம் கண்ணாடி டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூனில் மழை கொட்டியபோது ரிசப்ஷனுக்கு ஃபோன் வந்தது. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலிருந்து இசக்கி. "பொம்பளப் புள்ளக்கா. ரெண்டு பேரும் சொகமா இருக்காவ."

5. கடைசியாக

ஓட்டல் வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. முதலாளி வெளிநாட்டில் தங்கிவிட்டு ஆல்பத்தோடு வந்தால் மரியாதையாகப் பாருங்கள். படத்தில் இல்லாத ஆள் ஒருவர் இருப்பார், டிரேயைத் தூக்கிக்கொண்டு படியேறும் ஆள். அவருக்குக் கார்டு உண்டா என்று மனதுக்குள்ளாவது கேட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்புக் கிடைத்தால் வெளியிலும் கேளுங்கள்.

நான் ஓய்வுபெறும் வரை எம்.டி. விருந்தாளிகளுக்கு அந்த ஆல்பத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். கொடிப் படம் வரும்போது மட்டும் உதட்டைப் பிதுக்குவார். "வீ ட்ரைட் இட் ஹியர். கேரளாவுல எடுபடலை" என்பார்.

பக்கத்தில் நான் டவலை மடித்துக்கொண்டிருப்பேன். என் சர்வீஸில் முதல் நாளே எடுபட்ட கான்செப்ட் அது ஒன்றுதான். கொடி ஏற்றினோம். ஆள் வந்தார். கேட்டது கிடைத்தது.