ரசத்துக்குப் போன செர்ரி தக்காளி

எங்கள் ஈசூன் அடுக்குமாடி வீட்டு வாசலில், வெயில் விழும் காரிடார் ஓரத்தில் ஒரே ஒரு தொட்டி வைத்திருந்தேன். அதில் செர்ரி தக்காளிச் செடி. கோலிக்குண்டு அளவுக்குக் காய்க்கும், பழமாகவே தின்னக்கூடிய இனிப்பு ரகம். விதை வாங்கி, நாற்று விட்டு, கம்பு நட்டுக் கட்டியதெல்லாம் நான்தான். எனக்காகத்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வீட்டில் கணவருக்குப் பிடித்த மீன் உண்டு, மகளுக்குப் பிடித்த பிஸ்கட் உண்டு. எனக்குப் பிடித்தது என்னவென்று கேட்டால் இருவரும் விழிப்பார்கள்.

பன்னிரண்டாம் மாடிக்குத் தேனீயா ஏறி வரும்? பூத்த நாளெல்லாம் வேலைக்குக் கிளம்பும் முன் பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு பூங்கொத்தையும் தட்டிவிடுவேன். மகரந்தம் உதிர்ந்தால்தான் பிஞ்சு பிடிக்கும். பூவுக்குப் பல் விளக்கியாகிவிட்டதா என்று கணவர் கேலி செய்வார். காய் நிறம் மாறத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைத்தேன். செடியைக் கொஞ்சம் காயவிட்டால்தான் பழத்தில் இனிப்பு ஏறும்; நிறைய ஊற்றினால் தோல் வெடித்துவிடும். இலை சோர்ந்து நிற்பதைப் பார்த்து மனசு அடித்துக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். ஒன்றிரண்டு சிவந்தபோதும் வாயில் போடவில்லை. கொத்து முழுதும் பழுக்கட்டும், சனிக்கிழமை கிளினிக் வேலை முடிந்து வந்து, வெயில் சூட்டோடு பறித்து, ஒரு கிண்ணம் நிறையத் தனியாக உட்கார்ந்து தின்ன வேண்டும் என்று ஆசை. பைத்தியக்கார ஆசைதான். ஆனால் என்னுடையது.

சனிக்கிழமை மின்தூக்கியை விட்டு வெளியே வந்ததும் செடி கண்ணில் பட்டது. வெறும் பச்சை. ஒரு பழம்கூட இல்லை. போகிற வருகிற எவனோ கை வைத்துவிட்டான் என்று ஆத்திரம் தலைக்கேறியது. கதவைத் திறந்தேன். உள்ளே பூண்டும் மிளகும் மணத்தன.

பொங்கோலிலிருந்து நாத்தனார் வந்திருந்தார், கணவரின் அக்கா. அடுப்படியில் கரண்டியோடு நின்றார்.

"வாம்மா. நீ வர லேட்டாகும்னு நானே சமைச்சுட்டேன். பிரிட்ஜுல தக்காளி இல்ல, வெளிய செடியில இருந்ததெல்லாம் பறிச்சு ரசம் வெச்சேன். என்ன தக்காளிம்மா அது, புளிப்பே இல்ல. புளிய அள்ளிப் போட வேண்டியதாப் போச்சு."

தேக்கா மார்க்கெட்டில் புளிக்கிற தக்காளி கூடைகூடையாகக் கிடைக்கிறது. நான் இனிப்புக்காகச் செடியை வாட்டினேன். இவர் அந்த இனிப்பைக் கொல்லப் புளி கரைத்திருக்கிறார். குரங்கு கையில் பூமாலை. அவரையாவது விடலாம், அவருக்குத் தெரியாது. நாத்தனார் சொல்லித் தெரிந்தது, கிளையை வளைத்துப் பிடித்துக் கொடுத்தது என் கணவராம். தினமும் அந்தச் செடியைத் தாண்டித்தான் அவர் வேலைக்குப் போகிறார்.

"அது நான் சாப்பிட வளர்த்தது," என்றேன்.

கணவர் சாப்பாட்டு மேசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ரசமா சாப்பிட்டா என்ன? எல்லாருக்கும் ஆச்சுல்ல, விடு லா."

எல்லாருக்கும். கல்யாணமான நாளிலிருந்து என் சம்பளம், என் ஞாயிற்றுக்கிழமை, என் தூக்கம் எல்லாமே எல்லாருக்கும்தான். ஒரு கிண்ணம் பழமும் அதில் சேர்ந்தது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறு பரிமாறினேன். மகள் ரசத்துக்குத் தட்டை நீட்டினாள். நான் பாத்திரத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். மறுபடி ஊற்றினேன். புளிப்பில் பல் கூசியது, மிளகு தொண்டையைச் சுட்டது, கண்ணில் நீர் வந்தது. நாத்தனார் தம்பியைப் பார்த்தார். அவர் அப்போதுதான் போனைக் கீழே வைத்தார். அடியில் தங்கியிருந்த தோலையும் விதையையும் விரலால் வழித்துத் தின்றேன். பிறகு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"மோர் ஊத்திச் சாப்பிடுங்க," என்றேன்.