ஆராய்ச்சி உதவியாளர் நியமனம்

மாத்தளை மாவட்ட மக்களுக்கு முக்கிய அறிவித்தல்: அடியேன் இன்று முதல் ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சி உதவியாளர்.

விஞ்ஞானி வேற யாருமில்ல, எங்க புது கெமிஸ்ட்ரி டீச்சர்தான். வருஷக்கணக்கா கறுவாப்பட்டை எண்ணெய், ஏலக்காய் எண்ணெய்னு ஆராய்ச்சி செஞ்சவங்க, லேபை விட்டுட்டு கலேவெல பக்கம் எங்க ஸ்கூலுக்கு வந்திருக்காங்க.

"ஒரு தவணை, மூணு மாசம்கூடத் தாங்க மாட்டாங்க, திரும்பிப் போயிருவாங்க"ன்னு ஊரே சொல்லுது. எனக்கும் அந்தப் பயம்தான்.

பயந்தா மட்டும் கை சும்மா இருக்குமா? இன்னைக்கு பிரக்டிகல்ல, அமிலத்துல காரத்தைச் சொட்டுச் சொட்டா விட்டு நிறம் மாறுறதைப் பாக்கணும்; நான் பக்கத்து மேசை அஸ்லமோட குடுவையில எலுமிச்சங்காய் சாறு விட்டேன். எல்லாருக்கும் ரோஸ் நிறம் வந்திருச்சு. அவன் மட்டும் காரத்தை விட்டுக்கிட்டே இருந்தான்.

டீச்சர் குடுவையை மோந்து பாத்தாங்க. அப்புறம் என் கையை.

"இந்தச் சாறுல எவ்வளவு அமிலம் இருக்கு? நீயே கண்டுபிடி."

இன்டர்வல் முழுக்க நின்னு கண்டுபிடிச்சேன். டீச்சரே "சரி"ன்னாங்க.

"ஏன் டீச்சர் லேபை விட்டீங்க?"

"அங்க எந்த எலுமிச்சங்காயும் என்னை ஏமாத்தப் பாக்கல. போரடிச்சிச்சு."

இப்படி ஒரு டீச்சர் வேற எந்த ஸ்கூல்ல இருக்காங்க, சொல்லுங்க பாப்போம்.

சரி, நியமனத்தோட உண்மை விவரம்: அடுத்த தவணை முடியிற வரைக்கும் காரம் விடுற அந்தக் கண்ணாடிக் குழாய், எல்லா பியூரெட்டையும் நான்தான் கழுவணும். 'அடுத்த தவணை'ன்னு அவங்க வாயாலயே சொன்னதால நான் எதிர்த்துப் பேசல.

வாழ்த்த வர்றவங்க ஆளுக்கொரு சோப்போட வாங்க.