மூன்று நாள் மூத்தவன்

உகாய் தசுகு எங்கள் மல்யுத்தப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. செரிசாவா வந்தது வியாழக்கிழமை. தமா ஆற்றங்கரையில் தகரக் கூரை போட்ட கட்டடம் அது. கீழே பயிற்சி, மேலே படுக்கை. முதலில் வந்தவன் அண்ணன், அடுத்து வந்தவன் தம்பி. வயது, எடை, இடுப்பில் கட்டும் சாம்பியன் பெல்ட், எதுவும் அதை மாற்றாது. செரிசாவா வயதில் ஏழு மாதம் பெரியவன். இருந்தும் அந்த வியாழக்கிழமை மாலை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மண்டியிட்டு, "அண்ணே, நான் செரிசாவா. பார்த்துக்குங்க" என்றான். உகாய் அரிசி களைந்துகொண்டிருந்தான். மூன்று நாளாகக் கூடத்தில் எல்லோருக்கும் கடைசி ஆளாக இருந்தவன். பானையை அப்படியே அவன் பக்கம் நகர்த்திவிட்டான். தன் வாழ்க்கையில் நல்ல நாள் என்றால் அதுதான் என்று பல வருடம் கழித்து என்னிடம் சொன்னான்.

நான் அவர்களுக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவன். முழங்கால் போனபின் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நடுவரானேன். அவர்கள் இருவரும் மோதிய இருநூற்றுச் சொச்சம் ஆட்டங்களில் பாதிக்கு மேல் ரிங்குக்குள் நின்றது நான்தான்.

இருவரும் நூறு கிலோவுக்குள் இருப்பவர்களின் பிரிவில் ஆடினார்கள். ஜூனியர் என்போம். பெரிய உடம்புக்காரர்களைப் பார்க்க வருகிற கூட்டம் வேறு. எங்கள் ஆட்டத்துக்கு வருகிறவர்கள் பறப்பதைப் பார்க்க வருகிறவர்கள். செரிசாவா பறந்தான். மேல்கயிற்றில் முதுகு காட்டி நின்று, பின்புறமாகப் பாய்ந்து, காற்றில் ஒன்றேகால் சுற்று சுற்றி விழுவான். கீழே படுத்திருப்பவன் சரியான அங்குலத்தில் இருக்க வேண்டும். எண்பத்து நான்கு கிலோவை நெஞ்சில் வாங்கி, அவன் முட்டி தரையில் படாமல் பார்த்து, உயிர் போகிறவன் மாதிரித் துள்ளவும் வேண்டும். உகாய் அதில் கெட்டிக்காரன். அவனைப்போல வாங்குகிறவன் எங்கள் நிறுவனத்தில் இல்லை. படம் பிடிக்கிறவர்கள் பிடித்தது பறந்தவனை.

யார் ஜெயிப்பது என்பது அலுவலகத்தில் முன்பே முடிவாகும். இதை நான் எழுதுவது எங்களில் சிலருக்குப் பிடிக்காது. முடிவு பொய்யென்றால் அதற்காக வயிறு எரிவதும் பொய்தானே என்று வெளியாட்கள் கேட்பார்கள். அப்படியில்லை. ஓட்டத்தில் தோற்றவன் தன் காலைத் திட்டலாம். எங்களுக்குத் திட்டக் கால் கிடையாது. ஒரு அறையில் நாலு பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, இவன் வேண்டாம் அவன் என்கிறார்கள்.

மூன்றாம் வருடம் ஒருவனைப் பயிற்சிக்காக மெக்சிகோவுக்கு அனுப்புவதாகப் பேச்சு. போய்வந்தவன்தான் மேலே வருவான். மூத்தவன் என்ற முறையில் தனக்குத்தான் என்று உகாய் பெரிய பெட்டி ஒன்று வாங்கி வைத்தான். அலுவலகம் செரிசாவாவைச் சொன்னது. அன்றைக்கே செரிசாவா அவன் படுக்கையருகே வந்து மண்டியிட்டான். "நீங்க வேணாம்னு சொன்னா நான் போகலண்ணே."

"போடா. போய் சோளரொட்டி தின்னுட்டு வா" என்றான் உகாய். பெட்டியையும் கொடுத்தான்.

பதினெட்டு மாதம் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது. துடைத்துச் சுத்தமாக, உள்ளே ஒரு புட்டி மதுவோடு. உகாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்: "ஒரு கீறல்கூட இல்லாம குடுத்திருக்கான்ணே. இவனை என்னன்னு திட்டறது?"

அதுதான் கடைசிவரை அவன் சிக்கல். செரிசாவா ஏழு தடவை ஜூனியர் பெல்ட்டைக் கட்டினான். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும், தோளில் பெல்ட்டோடு, உகாயின் உடைமாற்றும் அறைக்கு வருவான். கதவருகே மண்டியிட்டுத் தலை தரையில் படக் குனிந்து, "இன்னிக்கு நன்றிண்ணே" என்பான். தம்பி அண்ணனுக்குச் செய்ய வேண்டியது. மற்றவர்கள் சாம்பியனானதும் நின்றபடி தலையாட்டிவிட்டுப் போவார்கள். இவன் இருபத்தோரு வருடத்தில் ஒருநாள் விடவில்லை. அவன் போனபிறகு உகாய் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். "நடிக்கிறான்" என்பான். இன்னொரு நாள், "நடிச்சாலாவது பரவாயில்லை" என்பான்.

பெயரைக் கூப்பிடும்போது ரசிகர்கள் வண்ணக் காகிதச் சுருள் எறிவார்கள். செரிசாவாவுக்கு வெள்ளி நிறம். ரிங் முழுக்க மூடி, பையன்கள் வாரி எடுக்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடமும் உகாய் எதிர்மூலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவனுக்கு வருவது பச்சை, ஐந்தோ ஆறோ. எண்ணுவதில்லை என்பான். வீட்டுக்குப் போனால் அவன் மனைவி தமாயோ கேட்பாள், "இன்னிக்கு எத்தனை?" இவன் யோசிக்காமல் சொல்வான்.

தமாயோ முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். அவள் ஒருமுறை என் முன்னாலேயே அவனைக் கேட்டாள், "உங்களுக்கு என்னை நினைச்சு ஒருநாளாவது தூக்கம் கெட்டிருக்கா?" அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

நாற்பத்தோராம் வயதில் உகாய்க்குப் பெல்ட் ஆட்டம் வந்தது, சாம்பியன் செரிசாவாவோடு. முதல் தடவை. ஊர் சகாதா, அவன் பிறந்த ஊர். துறைமுகத்தருகே அவன் கூடப்பிறந்த தம்பி நூடுல்ஸ் கடை நடத்தினான். அந்தத் தம்பியே இருநூறு நுழைவுச்சீட்டு விற்றான். ஆட்டங்களை அமைக்கும் குரோசே இருவரையும் என்னையும் கூப்பிட்டு, இருபதாவது நிமிடம், உகாய் வெல்கிறான் என்றார். உகாய் வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய் முடிவெட்டிக்கொண்டான்.

தவறு செய்தது நான். சகாதாவுக்குப் போகிற பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படட்டும் என்று, "செரிசாவாதான் குரோசேகிட்ட நாலு தடவை போய்க் கேட்டிருக்கான். அண்ணன் ஊர்ல அண்ணனுக்குக் குடுங்கன்னு" என்றேன்.

உகாய் ஜன்னல் பக்கம் திரும்பினான். வயல், வயல், ஒரு பெட்ரோல் பங்க். கொஞ்ச நேரம் கழித்து, "நாலு தடவையா?" என்றான். 

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. நகர உடற்பயிற்சி அரங்கம் நிரம்பியிருந்தது. கடைக்காரத் தம்பி எல்லோருக்கும் பச்சைச் சுருள் வாங்கிக் கொடுத்திருந்தான். சுருளின் நடுவே இருக்கும் அட்டைக் குழலை முன்பே உருவிவிட்டு எறிய வேண்டும். எங்கள் ரசிகர்களுக்குத் தெரியும், சகாதாக்காரர்களுக்குத் தெரியவில்லை. உகாயின் பெயரைச் சொன்னதும் முந்நூறு சுருள் குழலோடு கல் மாதிரி வந்து விழுந்தது. எனக்குத் தோளில் ஒன்று. அறிவிப்பாளர் மேசைக்கடியில் போய்விட்டார். செரிசாவா தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உகாய் சிரிக்கவில்லை. தன் காலடியில் குவிந்த பச்சையைப் பார்த்தான். பிறகு எதிர்மூலையில் அது முடியக் காத்து நிற்கும் செரிசாவாவைப் பார்த்தான். உகாயின் முகத்தில் ஆசை தீர்ந்தவன் களை இல்லை. இதுவும் அவன் கொடுத்ததா என்று கணக்குப் பார்க்கிற மாதிரி இருந்தது.

இருபது நிமிடம் எல்லாம் சரியாகப் போயிற்று. பிறகு உகாய் பின்னாலிருந்து செரிசாவாவின் இடுப்பைக் கட்டித் தூக்கி, தன் உடம்பைப் பாலம்போல வளைத்து, அவன் இரண்டு தோளையும் பாயில் அழுத்தினான். மூன்று எண்ணும்வரை தோள் எழாவிட்டால் ஆட்டம் முடிந்தது, இப்படித்தான் முடியவேண்டும். நான் விழுந்து பாயைத் தட்டினேன். ஒன்று. இரண்டு. அரங்கமே என்னோடு எண்ணியது.

மூன்றுக்குக் கை ஓங்கியபோது பாலம் சரிந்தது. கழுத்து சறுக்கிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. பிடியை உகாயே விட்டிருந்தான்.

செரிசாவாவும் கழுத்து என்றுதான் நினைத்தான். படுத்தபடியே உதடு அசையாமல், "என்னண்ணே, கழுத்தா?" என்றான்.

உகாய் அவன் தலைமுடியைப் பிடித்து உட்கார வைத்தான். "கழுத்து நல்லாத்தான் இருக்கு. எந்திரி. நீ கேட்டு வாங்கிக் குடுத்தது எனக்கு வேணாம்."

செரிசாவா என்னைப் பார்த்தான். யார் சொல்லியிருப்பார்கள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. என் காதுக்குள் இருந்த கருவியில் குரோசே, என்ன நடக்கிறது, என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. இரண்டில் நிறுத்தி இன்னும் அடிக்கப்போகிறான் நம்ம ஆள் என்று எழுந்து நின்று கத்தினார்கள்.

செரிசாவா எழுந்து உகாயைக் கன்னத்தில் அறைந்தான். எங்கள் தொழிலில் அறை சாதாரணம், ஆயிரக்கணக்கில் கேட்டிருக்கிறேன். இது வேறு சத்தம். உகாயின் உதடு கிழிந்தது.

"டேய் உகாய்" என்றான் செரிசாவா. "இருபத்தோரு வருஷம் உன் முன்னாடி மண்டி போட்டிருக்கேன். ஒரு நாளாவது பொய்யாப் போட்டேனாடா?"

உகாய் பதிலுக்கு அறைந்தான். அதன்பின் நடந்த நாலு நிமிடம் அழகாக இல்லை. யாரும் பறக்கவில்லை. முழங்கை, நெற்றி, நகம். எப்படியாவது முடி என்றார் குரோசே. இருவர் காதிலும் சொன்னேன். கடைசியில் உகாய் மல்லாந்து கிடந்தான். செரிசாவா மேல்கயிற்றில் முதுகு காட்டி ஏறினான்.

உகாய் அரை அடி உருண்டிருந்தால் செரிசாவாவின் முட்டி உடைந்திருக்கும். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவன் உருளவில்லை. இரண்டு அங்குலம் மேலே நகர்ந்தான், சரியான இடத்துக்கு. நெஞ்சில் வாங்கினான். மூன்று எண்ணினேன்.  பின்வரிசையில் யாரோ ஒரு மீன்காரன், "அடுத்த வாட்டி பாத்துக்கலாம்டா தசுகு" என்றான்.

உடைமாற்றும் அறையில் உகாய் காலணிக் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தமாயோ ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தாள். அரைமணி நேரம் ஆயிற்று.

"யாருக்காக உட்கார்ந்திருக்கீங்க? அவர் பின்வாசல் வழியா பஸ்ஸுக்குப் போயிட்டாரு" என்றாள்.

உகாய் குனிந்து கயிற்றை அவிழ்த்தான். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டான், "என்மேல ரொம்பக் கோவமா இருந்தானாண்ணே?"

"ரொம்ப."

"எப்படி? சொல்லுங்க."

சொன்னேன். முழுக்கக் கேட்டான். நல்ல சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறவன் மாதிரி இருந்தது. அன்று தம்பி கடையில் மூன்று கிண்ணம் நூடுல்ஸ் தின்றான். ஊர்க்காரர்கள் ஆறுதல் சொல்ல வந்து, எதற்கு ஆறுதல் சொல்வதென்று தெரியாமல் திரும்பிப் போனார்கள்.

குரோசே இனி அவனுக்குப் பெல்ட் ஆட்டம் கிடையாது என்றார். மறுநாள் முதல் செரிசாவா அவனை மறுபடி அண்ணே என்றுதான் கூப்பிட்டான். ஆனால் அறைக்கு வருவதை நிறுத்திவிட்டான். நடைபாதையில் எதிர்ப்பட்டால் நின்றபடி தலையாட்டிவிட்டுப் போனான்.  உகாய் மாதத்துக்கொரு முறை குரோசேயின் மேசைமுன் நின்று, செரிசாவாவோடு ஒரே ஒரு ஆட்டம் என்று கேட்டான். குரோசே தலை நிமிராமல், முடியாது என்றார்.

அடுத்த வசந்தத்தில் ஒசாகாவில் பெல்ட் மாறியது. வாங்கியவன் மினாகி, இருபத்து நாலு வயது. மூன்று வாரம் முன்பே முடிவான விஷயம், உகாய்க்கும் தெரியும். அன்று அவனுக்கு ரிங் பக்கத்தில் தண்ணீரும் துண்டும் வைத்துக்கொண்டு நிற்கும் வேலை. மினாகி செரிசாவாவை மடக்கி அழுத்தினான். நான் விழுந்து எண்ணினேன். இரண்டு என்றபோது என் தலைக்குப் பக்கத்தில் யாரோ பாயை ஓங்கி அடிக்கிற சத்தம். உகாய் கீழ்க்கயிற்றுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தான். "தோளு! தோளத் தூக்குடா!"

மூன்று.

மினாகிக்கு எல்லா நிறத்திலும் சுருள் வந்தது. செரிசாவா உருண்டு கீழே இறங்கினான். உகாய் துண்டை நீட்டினான். செரிசாவா வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்க்காமல் போனான். உகாய் என் பின்னாலேயே நடைபாதைவரை வந்தான்.

"வேகமா எண்ணிட்டீங்கண்ணே."

"இல்லடா."

"அவன் தூக்கியிருப்பான். நீங்க அவசரப்பட்டுட்டீங்க."

"எல்லாம் பேசி வச்சதுதானே. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதைச் சொல்லலை. எண்ணினதைச் சொல்றேன்."

செரிசாவா இப்போது ஆடுவதில்லை. உகாய்க்கு நாற்பத்தாறு, இன்னும் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வரும் இரண்டாவது ஆட்டத்தில், வந்து ஒரு மாதமான பையன்களுக்குக் கீழே படுத்து வாங்குகிறான். என்னை எங்கே பார்த்தாலும் ஒசாகாவைப் பற்றிப் பேச்செடுக்கிறான். போன வாரம் தாங்காமல் அந்தப் பதிவை எடுத்து அவன் முன்னால் போட்டுக் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி. திரும்பவும் போட்டேன்.

உகாய் திரையருகே குனிந்தான்.

"மூணாவதை மட்டும் போடுங்க" என்றான்.