தொகாஷி வீட்டு இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள்

மட்சுதோ நகரக் குடிநீர்ப் பிரிவு தொகாஷி எய்சாகுவுக்குச் சம்பளம் கொடுத்ததே அவருடைய காதுக்காகத்தான். நீளமான இரும்புக் கம்பியைத் தெருவில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, பூமிக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று சொல்வது அவர் வேலை. ஓய்வு பெற்ற அன்று பூங்கொத்து கொடுத்து, அந்தக் காதைப் பற்றி நாலு பேர் பேசினார்கள். பேசாமல் இருந்திருக்கலாம். இப்படிப்பட்ட காதைச் சும்மா வைத்திருக்கக் கூடாது என்ற நினைப்பு மனிதருக்கு அன்றைக்குத்தான் வந்தது.

முதலில், பாட்டுக் கேட்க, வால்வு ஆம்ப்ளிஃபையர் வந்தது. நாலு கண்ணாடிக் குழல்கள், உள்ளே செக்கச்செவேல் என்று கனலும். சூடேற அரைமணி நேரம் ஆகும். பாடகி மூச்சு இழுப்பதுகூட அதில் கேட்கும் என்பார். முரசு அடித்தால் மட்டும் மெத்தையில் அடித்த மாதிரி இருந்தது. அதனால் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரும் வந்தது. முரசு சரியானது, பாடகி மூச்சு விடுவதை நிறுத்திவிட்டாள். ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை விற்றுவிடுவதாகத்தான் பேச்சு. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு பெட்டி வந்தது. அதில் ஒரு குமிழ். இந்தப் பக்கம் திருப்பினால் வால்வு, அந்தப் பக்கம் திருப்பினால் டிரான்சிஸ்டர். இடம் போதாமல் மனைவி மிட்சுயோவின் தையல் மெஷின் நடைக்குப் போயிற்று.

மாதம் ஒருமுறை இதே பைத்தியம் பிடித்த நாலைந்து பேர் ஒருவர் வீட்டில் கூடுவார்கள். அதில் ஓச்சியாய் என்பவர் டிரான்சிஸ்டர் கட்சி.

“யோவ், கண்ணாடிக்குள்ள அடுப்ப எரியவிட்டு அதுல பாட்டு கேக்குறியே. மீன் சுட்டுத் தின்னலாமா அதுல?”

“உன்னோடது நல்லாத்தான் இருக்கு. செத்தவ பாடுற மாதிரி சுத்தமா இருக்கு” என்பார் தொகாஷி.

இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டுக் கேட்பதற்கு முன் ஏசி, குழல் விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். மோட்டார் ஓடினால் அதன் அழுக்கு கரண்ட் கம்பி வழியாக வந்து பாட்டில் கலக்குமாம். ஆகஸ்டில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு, முகத்தை மட்டும் ஞானி மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த ஆகஸ்டில்தான் நடந்தது. ஓபோன் பண்டிகைக்கு முன்னோர்களும் வருவார்கள், மகன் குடும்பமும் வரும் என்று மிட்சுயோ மூன்று நாள் நின்று சமைத்து ஃபிரிட்ஜை நிரப்பியிருந்தாள். தங்கை வீட்டுக்காரர் ஆற்றில் பிடித்து அனுப்பிய மீனும் அதில் இருந்தது. அவர்கள் வருவதற்குள் இருவரும் இரண்டு நாள் வெந்நீர் ஊற்றுக்குப் போய் வருவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முதல் நாள் இரவு தொகாஷி ஃபிரிட்ஜ் செருகியைப் பிடுங்கிவிட்டு, வால்வா டிரான்சிஸ்டரா என்று கேட்டுப் பார்த்தார். முடிவுக்கு வராமல், செருகியைத் திரும்பச் செருகாமலே தூங்கிப்போனார். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது நாற்றம் வாசலுக்கே வந்து அவர்களை வரவேற்றது.

மிட்சுயோ முகமூடி கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பைகளில் அள்ளிக் கட்டினாள். அப்போதாவது தொகாஷி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

“இருந்தாலும் மிட்சுயோ, அன்னைக்கு ராத்திரி சத்தம் இருந்த சுத்தம் இருக்கே...” என்றார்.

மறுநாள் அவள் நிகாத்தாவுக்கு, தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து போன் செய்தாள்.

“ரெண்டுல ஒண்ணு வெளிய போகணும். என் தையல் மெஷின் உள்ள வரணும். அதுவரைக்கும் நான் இங்கதான்.”

“எதைன்னு...”

“அதையும் நானே சொல்லணுமா? காதுக்குச் சம்பளம் வாங்கினவரு நீங்கதானே?”

செப்டம்பர் போயிற்று, அக்டோபரும் போயிற்று. அவள் இல்லாத வீடு தொகாஷிக்குப் பிடிக்கவில்லை. பயமாகவே இருந்தது. கடையில் வாங்கிய சோற்றுப் பொட்டலத்தை நின்றுகொண்டே தின்றார். ஆனாலும் ஒவ்வொரு நாளும் குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அவரை என்ன செய்வது, அப்படிப்பட்ட பிறவி.

நவம்பரில் ஒரு மதியம் மிட்சுயோ வந்து நின்றாள். மேல்கோட்டைக் கழற்றவில்லை.

“இன்னும் முடிவு பண்ணலையா?”

“பண்ணிட்டேதான் இருக்கேன்.”

“பண்ணுனது போதும். ரெண்டையும் போடுங்க, நான் கேக்குறேன். சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் கையில இருக்கு.”

அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். தொகாஷி வால்வைச் சூடேறவிட்டு, அதற்குள் டிரான்சிஸ்டரில் ஒரு பாடகியின் இசைத்தட்டைப் போட்டார். ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடுவதற்குக் காத்திருப்பவள் போலக் கேட்டாள்.

“சரி, அடுத்தது.”

ஊசியைத் தூக்கி, அதே பாட்டின் தொடக்கத்தில் வைத்தார். கண்ணாடிக் குழல்கள் நன்றாகக் கனன்றுகொண்டிருந்தன. மிட்சுயோ அவற்றையே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பையைத் தரையில் வைத்தாள். பிறகு கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினாள். எவ்வளவு அருமையாக இருக்கிறது, இத்தனை நாள் எனக்கு ஏன் தெரியவில்லை என்று தொகாஷி தன்னையே திட்டிக்கொண்டார். அப்போதுதான் குமிழைப் பார்த்தார். அதை அவர் திருப்பவே இல்லை. பாடிக்கொண்டிருந்தது டிரான்சிஸ்டர்தான். வால்வு வெறுமனே எரிந்துகொண்டிருந்தது.

“இதுதான்” என்றாள் மிட்சுயோ. “முதல்ல கேட்டது ஏதோ டப்பாக்குள்ள இருந்து பாடுற மாதிரி. இதுல பக்கத்துல வந்து உக்காந்து பாடுறா. இவ்ளோ வித்தியாசம் தெரியுது, உங்களுக்குத் தெரியலையா?”

அடுத்தவர் வீட்டு விருந்தில், வாயில் சோற்றோடு, உங்கள் ஸ்பீக்கரின் இடது பக்க ஒயர் மாறியிருக்கிறது என்று சொன்ன மனிதர் அவர். இப்போதும் வாயைத் திறந்தார். மிட்சுயோ கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள்.

“தெரியுது” என்றார்.

ஜெயித்த டிரான்சிஸ்டரை மறுநாள் ஓச்சியாய் வந்து காரில் ஏற்றினார்.

“கடைசில அடுப்புதான் ஜெயிச்சுதாக்கும்?”

“மிட்சுயோ காது அப்படிச் சொல்லிடுச்சு. நான் என்ன செய்ய?”

சாயங்காலம் தையல் மெஷின் உள்ளே வந்தது. அதே தட்டைப் போடச் சொன்னாள் மிட்சுயோ. உண்மையாகவே வால்வில் அவளுக்காக ஓடப்போவது இதுதான் முதல் தடவை. பாட்டுத் தொடங்கியது. மிட்சுயோ துணியிலிருந்து தலையைத் தூக்கிக் கொஞ்சம் கேட்டாள்.

“நேத்துக் கேட்ட மாதிரியே இருக்கு” என்றாள்.

“ஆமா” என்றார் தொகாஷி. கடைசிவரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டில் என்னென்ன வார்த்தைகள் வருகின்றன என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.