அங்கியில் விழுந்த மடிப்பு

"இதைச் சொல்றதுக்கா டீச்சர் கெம்பஸ் வரைக்கும் போய்ப் படிச்சீங்க?" என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர் கேட்டார். ஆசிரியர் அறையே சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாருக்காவது சாமி வந்தால்கூட, அது மனதின் வேலை என்று விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். இதே கதையை வேறொருவர் சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கெம்பஸில் பட்டத்துக்குப் படித்தபோது இருட்டறையில் படம் கழுவக் கற்றிருந்தேன். வேலை கிடைத்த பிறகு அது விட்டுப்போயிற்று. போன விடுமுறையில் நோர்வூட்டில் ஒரு ஸ்டூடியோவை மூடினார்கள். நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கிப் பதிக்கிற பழைய என்லாஜர் ஒன்றை அங்கிருந்து வாங்கி வந்தேன். கூடவே பிரிந்துகிடந்த ஒரு படத்தாள் பாக்கெட்டையும், படத்தை அழியாமல் நிறுத்தும் ஃபிக்ஸர் போத்தல் ஒன்றையும் கடைக்கார முஸ்லிம் நானா சும்மாவே தந்தார். "மகள், கடதாசி மிச்சம் பழசு. படம் வராட்டி என்னை ஏசப்படாது, சரியா?" என்றார். பாக்கெட்டில் இரண்டே தாள்கள்தான் இருந்தன.

மழை கொட்டிய ஒரு மத்தியானம், பின்பக்கத்துக் காம்பராவின் ஜன்னலைக் கம்பளியால் மூடினேன். சிவப்பு வெளிச்சத்துக்குச் சாமிப் படத்து பல்பைக் கழற்றி மாட்டினேன். நான் எடுத்துக்கொண்டது என் பட்டமளிப்பு நெகட்டிவ். அதில் அங்கியோடு நானும் பக்கத்தில் அம்மாவும் நிற்கிறோம். எங்கள் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. வாடகை அங்கியில் தன் கையிலிருக்கும் கொழுந்துக் கறை பட்டுவிடும் என்று அம்மா கிட்டவே வரவில்லை. அந்த இடைவெளி எனக்கு எப்போதும் ஒரு குறைதான்.

நெகட்டிவ் வழியே தாளுக்கு ஒளி காட்டி, படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பரில் போட்டதும் முதலில் அங்கி வந்தது, பிறகு அம்மா வந்தார், அதன் பிறகு எங்கள் நடுவே இன்னொருத்தி வந்தாள். சேலை கட்டிய பெண், என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவள். நெகட்டிவை எடுத்து பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், நாங்கள் இருவர்தான். ஸ்டூடியோவில் யாரையோ ஏற்கெனவே பதித்துவிட்டுக் கழுவாமல் வைத்த தாள் என்று நினைத்துக்கொண்டு படத்தை ஃபிக்ஸரில் போட்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா கொழுந்து மலையிலிருந்து நனைந்துகொண்டு வந்து கதவைத் தட்டினார்.

"ஏன்டி, சாமி பல்பக் காணோம்? களவெடுத்தது நீதானா?"

உள்ளே விட்டேன். "தாள் கெட்டதும்மா, யாரோ ஒருத்தி சேந்து விழுந்துட்டாங்க" என்றேன்.

அம்மா தொட்டிக்கு மேலே குனிந்தார். தலைத்துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"செல்வி" என்றார். "எம்புட்டு வளந்துட்டா, பாரேன்."

செல்வி என் அக்கா. நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனவள். போகும்போது பதினான்கு வயது. சில மாதங்களில் மூடிய பெட்டியில் வந்தாள். காய்ச்சல் என்றார்கள், பெட்டியைத் திறக்க விடவில்லை. அடையாள அட்டை எடுக்கிற வயதுகூட ஆகாததால் அவளுக்கு ஒரு படமும் கிடையாது. அவள் முகம் எனக்குத் தெரியாது.

"அக்கா சின்னப் புள்ளையில்லம்மா? இது பெரிய பொம்பள."

"அதான் சொல்றேன், வளந்துட்டான்னு. நிக்கிறதப் பாரு. பீலியில தண்ணி புடிக்கக் குடத்த வச்சிட்டு இப்பிடித்தான் ஒரு கால்ல சாஞ்சிக்கிட்டு நிப்பா."

பெற்ற மனது தேடியதைக் கண்டுகொண்டது என்று நீங்கள் சொல்லலாம், நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அவள் கை என் அங்கியின் ஓரத்தைப் பிடித்திருந்தது. பிடித்த இடத்தில் துணி மடிந்து, கீழ்விளிம்பு சற்று மேலே ஏறியிருந்தது. நெகட்டிவில் அதே அங்கி நேராகத் தொங்குகிறது. பழைய படம் ஒன்று தாளில் இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அது என் துணியை எப்படி மடிக்கும்? இப்போதும் வகுப்பில் பாடம் நடத்தும்போது என் சேலை எதிலாவது சிக்கினால், உடனே திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வருவதில்லை.

போனில் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தேன், சிவப்பாக ஒரு கலங்கல்தான் விழுந்தது. ஃபிக்ஸரும் கெட்டது போல, வாசலுக்குக் கொண்டுவந்ததும் படம் பழுப்பேறி, பொழுது சாய்வதற்குள் மூன்று பேருமே மறைந்துவிட்டோம். அம்மா அழவில்லை. அந்த வெற்றுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

இன்னும் ஒரே தாள். ஒளி காட்டாமல் அதை அப்படியே டெவலப்பரில் போட்டால், அவள் தாளில்தான் இருந்தாளா என்று தெரிந்துவிடும். சேருக்கு முன்னால் என் மானமும் தப்பும். ஆனால் அந்தத் தாள் அத்தோடு போயிற்று, அக்காவை மறுபடி வரவழைத்துப் பார்க்க வேறு தாள் இல்லை. அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ஒங்க சேருக்கு நிரூபிச்சுக் காட்டணுமாக்கும்? அவரு புள்ளையா அவ?" என்றார். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "ஒரு தரம் பெட்டிய மூடியே குடுத்துட்டாங்க பாப்பா" என்றார்.

நான் கேட்டிருந்த புது ஃபிக்ஸரைக் கொழும்பிலிருந்து அனுப்பிவிட்டதாக நேற்றுத் தகவல் வந்தது. நேற்று மத்தியானமே ஜன்னலை மூடி, எங்கள் இருவருடைய நெகட்டிவை வைத்து, அந்தக் கடைசித் தாளுக்கு ஒளி காட்டிவிட்டேன்; இனி அதை வெறும் தாளாகச் சோதிக்க முடியாது, ஃபிக்ஸர் வந்ததும் கழுவ வேண்டியதுதான்.