பை முதலில் கிளம்பியது

பிரசவம் பார்ப்பதில் பாதி வேலை வயிற்றில் இல்லை, வீட்டு வாசலில் இருக்கிறது. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் அலைகிற சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆவுடையார்கோவிலிலிருந்து மீமிசல் போகும் வழியில் ஒரு ஊரில் துணை சுகாதார நிலையம் திறந்தார்கள். அதற்கு வந்த முதல் நர்ஸ் நான். பதினாறு வருடமாக அங்கேயேதான் இருக்கிறேன். எத்தனையோ பிரசவம் பார்த்தாயிற்று. என் பிழைப்பைச் சொல்ல வளர்மதியின் பிரசவம் ஒன்றே போதும்.

அட்டை ஒன்று, வயிறு ஒன்று

வளர்மதியை அவள் மாமியார் பொன்னாத்தா கூட்டிவந்தார். இரண்டாவது பிள்ளை. "நாலு மாசம்" என்றார், நானும் அட்டையில் அப்படியே எழுதினேன். அடுத்த மாதம் டேப் வைத்து அளந்தால் அட்டை ஐந்து என்கிறது, வயிறு ஆறு என்கிறது. இரட்டைப் பிள்ளையோ என்று எனக்குச் சந்தேகம். ஸ்கேனுக்கு அனுப்பினேன். ஒரே பிள்ளைதான், முழுசாக ஆறு மாதம்.

கண்ணு பட்டுவிடும் என்று வெளியே ஒரு மாதம் குறைத்துச் சொல்கிறவர்கள் அங்கே உண்டு. அது எனக்குத் தெரியும். என்னிடமும் குறைப்பார்கள் என்று மட்டும் தெரியாமல் போயிற்று. பிரசவ தேதியே ஒரு மாதம் தள்ளிப்போயிருக்குமே என்று சத்தம் போட்டேன். பொன்னாத்தா அசரவில்லை.

"ஊருக்குச் சொன்னதத்தான் நர்சம்மா ஒங்களுக்கும் சொன்னோம். நீங்களும் ஊருதானே?"

ஒரு பிள்ளை, இரண்டு காரணம்

முதல் பிரசவத்துக்கு வளர்மதி அரிமளத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். வலி எடுத்த சேதி கேட்டுப் பொன்னாத்தாவும் ஓடியிருக்கிறார். நல்ல நேரம் வரட்டும் என்று காத்திருந்து, வலி பொறுக்கமாட்டாமல் அவள் கதறியதும் எமகண்டத்தில் வண்டி ஏற்றியிருக்கிறார்கள். பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை.

காத்திருந்ததால் போயிற்று என்பது என் கட்சி. எமகண்டத்தில் கிளம்பியதால் போயிற்று என்பது பொன்னாத்தாவின் கட்சி. "இந்தத் தடவ நேரம் பாக்காம வாசலத் தாண்ட விடமாட்டேன்" என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் கண்ணைப் பார்த்த பிறகு கோபம் தங்கவில்லை. அவ்வளவு பயம் அதில். ரத்த அழுத்தம் பார்க்க வந்த வளர்மதியிடம் என் கட்சியை எடுத்துச் சொன்னேன். அவள் சட்டைக் கையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டே சொன்னாள்.

"யாரு சொல்றது சரின்னு எனக்கு வேணாங்க்கா. இந்தப் புள்ள அழுகுற சத்தத்த நான் கேக்கணும், அவ்வளவுதான்."

பரஸ்தானம்

சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று தெரிந்தபின் மூளை வேறு பக்கம் ஓடியது. கிளம்புகிற நாளில் நேரம் சரியில்லையென்றால், முன்னதாகவே நல்ல நேரத்தில் ஒரு பையை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைப்பார்களே, பரஸ்தானம் என்று. பை கிளம்பிவிட்டால் பயணமும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அதன்பிறகு எந்த நேரத்தில் புறப்பட்டாலும் தோஷமில்லை. "பிரசவப் பையை என் சென்டரில் வையுங்கள்" என்றேன்.

பொன்னாத்தா யோசித்தார், ஒப்புக்கொண்டார். ஆனால் பரஸ்தானம் மூன்று நாளைக்குத்தான் செல்லும் என்று சட்டம் பேசினார். ஒன்பதாம் மாதம் பிறந்ததிலிருந்து மூன்று நாளைக்கொரு தரம் பையை வீட்டுக்கு எடுத்துப்போய், மறுபடி நல்ல நேரம் பார்த்துக் கொண்டுவந்து வைப்பார். எங்கள் ஊர் மினி பஸ்ஸைவிட அந்தப் பை ஒழுங்காக ஓடியது. ஒருநாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி, பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த மஞ்சள் பையைப் பார்த்துப் பேஷண்ட் எங்கே என்றார். விஷயத்தைச் சொன்னேன். மெமோ வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு டிரான்ஸ்பர் வந்தப்ப எங்க வீட்டுலயும் ஒரு பெட்டியை இப்படித்தாம்மா பக்கத்து வீட்டுல வச்சாங்க."

செவ்வாய்க்கிழமை மூன்றே கால்

வர வேண்டிய வலி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூன்றே காலுக்கு வந்தது. மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். நான் போய்ச் சேரும்போது பனிக்குடம் உடைந்திருந்தது. நூற்றெட்டு வண்டி வாசலில் நிற்கிறது, பொன்னாத்தா தினசரிக் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நிற்கிறார். வழி மறிக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"காலையில ஏழரைக்கே நீங்க பையைக் கொண்டாந்து வச்சாச்சு பெரியம்மா" என்றேன். அவர் காலண்டரைப் பார்த்தார், வளர்மதியைப் பார்த்தார். பிறகு காலண்டரைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தார்.

"பை போயி எம்புட்டு நேரமாச்சு, நீ இன்னும் இங்கிட்டு நின்னா எப்புடி? ஏறு ஆத்தா."

ஊருக்கு மூன்று

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. எடுத்துவிட்டதும் அழுதாள். வளர்மதி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். அவசரத்தில் பையை எடுக்க எல்லோருமே மறந்துவிட்டோம். முதலில் கிளம்பியது மறுநாள் பஸ்ஸில் கடைசியாக வந்து சேர்ந்தது.

போன வாரம் பொன்னாத்தா சென்டருக்கு வந்தார். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வளர்மதிக்கு மறுபடியும் தலைக்குக் குளிக்கிற நாள் தள்ளிப்போயிருக்கிறதாம். அட்டையை எடுத்து மாதம் எத்தனை என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு, என் காதோரம் குனிந்தார்.

"ஊருக்கு மூணு நர்சம்மா. ஒங்களுக்கு நாலு."

பதினாறு வருடச் சர்வீஸில் நான் வாங்கிய ஒரே பதவி உயர்வு அந்த ஒரு மாதம்தான்.