நான்தான் பிரைமரி என்று இரண்டு சர்வரும் சொன்ன காலை

1. சாலவாக்கத்திலிருந்து வந்த அழைப்பு

காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்தபோதுதான் வேதவல்லி கூப்பிட்டார். எங்கள் பால் நிறுவனத்தின் சாலவாக்கம் சேகரிப்பு மையத்துக்குப் பொறுப்பாளர் அவர். சும்மா போன் செய்கிற ஆள் இல்லை.

"எஸ்தரக்கா, அங்க இன்னா நடக்குது? விடிஞ்சதும் ஒரு டேங்கர் வந்து கூலர்ல இருந்த பாலை மொத்தமா ஏத்திக்கினு போச்சு. இப்ப இன்னொரு டேங்கர் வந்து நிக்குது. டிரைவர் போனைக் காட்றாரு, அதுல சாலவாக்கம்னுதான் கீது. ஏத்தறதுக்கு இங்க இன்னா கீது?"

டிரைவர் பழைய செய்தியைப் பார்த்துவிட்டு வந்திருப்பார் என்று முதலில் நினைத்தேன். அவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். திரையில் இருந்ததை நிதானமாகப் படித்துக் காட்டினார். இன்றைய தேதி, அவருடைய வண்டி எண், சாலவாக்கம். அவர் மேல் தவறில்லை.

அந்த அழைப்பை முடிப்பதற்குள் புள்ளலூர் மையத்திலிருந்து அழைப்பு. அங்கே டேங்கரே வரவில்லை. முந்தின நாள் மாலைப் பால் கூலரில் நிரம்பி நிற்கிறது. காலைப் பாலை ஊற்ற இடமில்லை. கேன்களோடு ஆட்கள் வெயிலில் காத்திருக்கிறார்கள்.

தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். நான் அந்த நிறுவனத்தின் சிஸ்டம் அட்மின். இன்று என்னோடு வேலை பார்க்கும் புதியவர்கள் "ஹை அவெய்லபிலிட்டி" (எப்போதும் நிற்காமல் ஓடுவது) என்ற சொல்லை மிகச் சுலபமாகச் சொல்கிறார்கள். அவர்களுக்காகத்தான் அந்தக் காலையைப் பற்றி எழுதுகிறேன்.

2. மேய்க்கிற சர்வர்

பால் அளவையும் கொழுப்பையும் பதிவு செய்கிற மென்பொருள் ஒவ்வொரு மையத்திலும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. அதை மேய்ப்பதற்கு என்று தனியாக ஒரு சர்வர் உண்டு. அதற்குப் பெயர் மேனேஜ்மென்ட் சர்வர். எந்த மையத்தில் யார் உள்ளே நுழையலாம், பால் ஊற்றுகிறவர்கள் யார் யார், எந்த டேங்கர் எங்கே போக வேண்டும், எல்லாவற்றையும் அதுதான் மையங்களுக்குச் சொல்லி அனுப்பும். அது படுத்துவிட்டால் மையங்கள் முந்தின நாள் உத்தரவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

அது படுக்கவே கூடாது என்று நிறுவனம் முடிவு செய்தது. அதனால் இரண்டாவதாக ஒன்றை வைத்தோம். முதல் சர்வர் உத்திரமேரூர் பிளான்ட் அலுவலகத்தில். அதுதான் பிரைமரி, உத்தரவு போடுவது. இரண்டாவது, அதே வளாகத்தின் பின்பக்கம் இருக்கும் மாட்டுத்தீவனக் கட்டடத்தில். அது ஸ்டாண்ட்பை. ஒரு கட்டடத்தில் தீ பிடித்தாலும் தண்ணீர் புகுந்தாலும் மற்றொன்று பிழைத்துக்கொள்ளும். இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி இன்டர்நெட் லைன்.

இரண்டும் ஒன்றையொன்று ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும். இருக்கிறாயா, இருக்கிறேன். இதை ஹார்ட்பீட் என்போம். பதில் வருவது நின்றால் ஸ்டாண்ட்பை பொறுப்பை எடுத்துக்கொள்ளும். இந்தப் பேச்சுக்காக மண்ணுக்கடியில் போட்ட கேபிளை டிராக்டர்கள் திரும்பத் திரும்ப அறுத்துவிட்டதால், இரண்டு கட்டடத்திலும் ஒவ்வொரு ஆன்டெனா வைத்து வயர்லெஸ் இணைப்பாக மாற்றியிருந்தோம்.

சோதனையும் செய்தோம். பிளான்ட் மேனேஜர் கோதண்டம் சார் முன்னால் முதல் சர்வரின் மின்சாரத்தை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது எழுந்து வேலையை ஏற்றுக்கொண்டது. அன்று எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சோதனைக்குப் பிறகு சில மாதங்கள் எந்தத் தொந்தரவும் இல்லை. அறுவடை முடிந்த நேரத்தில் விநோதமான புகார்கள் வர ஆரம்பித்தன. வேதவல்லி பாஸ்வேர்டு மாற்றுவார். ஒரு தடவை புதியதை ஏற்கும், அடுத்த தடவை பழையதைக் கேட்கும். "காத்தால உள்ள வுட்டுச்சு, இப்ப நீ யாருன்னு கேக்குதுக்கா" என்பார். நான் போய் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். நான் கிளம்பி வந்ததும் திரும்ப வரும். அவர் சொல்வதையும் நம்ப வேண்டியிருந்தது, என் கண்ணையும் நம்ப வேண்டியிருந்தது.

3. இரண்டிலும் பச்சை

பிளான்ட்டுக்கு வந்ததும் முதல் சர்வரின் திரையைப் பார்த்தேன். பிரைமரி: நான். நிலைமை: நலம். பச்சை விளக்கு. ஸ்டாண்ட்பை மட்டும் செத்துவிட்டது என்று காட்டியது. அப்படியென்றால் பிரச்சினை சின்னது, தீவனக் கட்டடத்துக்குப் போய் இரண்டாவதை எழுப்பினால் போதும் என்று நினைத்தேன்.

அங்கே போனால் இரண்டாவது சர்வர் உயிரோடு, சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பிரைமரி: நான். நிலைமை: நலம். பச்சை விளக்கு. முதல் சர்வர்தான் செத்துவிட்டதாம்.

ஏதோ ஒரு திரை பழைய தகவலைக் காட்டுகிறது என்று தோன்றியது. முதல் கட்டடத்துக்குத் திரும்பி ஓடினேன். அங்கே அப்படியேதான் இருந்தது. மறுபடி இரண்டாவதற்கு. நடுவில் இருக்கும் முற்றத்தில் வைக்கோல் கட்டுகளைச் சுற்றிக்கொண்டு நான் போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்த செக்யூரிட்டி, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

மென்பொருள் விற்றவர்களின் சப்போர்ட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் எது பிரைமரி என்று கேட்டார். இரண்டும் என்றேன். அப்படி ஆகாது மேடம், திரும்பப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். திரும்பப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்றேன். அவர் என்னை லைனில் வைத்துவிட்டு யாரையோ கேட்கப் போய்விட்டார்.

அதற்குள் கோதண்டம் சார் வந்துவிட்டார். அவர் குடும்பத்துக் கழனியில் என் அம்மா நாற்று நட்டவர். அதை அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. என்னிடம் குரல் உயர்த்தாதவர் அன்று உயர்த்தினார்.

"இன்னாம்மா இது பேஜாரு? ஒரு டேங்கர் காலியா சுத்துது, புள்ளலூர்ல பாலு வெயில்ல நிக்குது. எது நெசமான சர்வரு, அத மட்டும் சொல்லு."

"ரெண்டும் நெசம்தான் சார். அதான் பிரச்சின."

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே கொஞ்சம் விளங்கியது. இரண்டும் உயிரோடு இருக்கின்றன. ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்கவில்லை. கேட்காததை இரண்டுமே சாவு என்று எடுத்துக்கொண்டன. ஸ்டாண்ட்பை தன் கடமையைச் செய்வதாக நினைத்துப் பொறுப்பேற்றுக்கொண்டது. முதலாவது பொறுப்பை விடவே இல்லை. இரண்டும் தனித்தனியாக உத்தரவு போட்டதால்தான் சாலவாக்கத்துக்கு இரண்டு டேங்கர், புள்ளலூருக்கு ஒன்றும் இல்லை. தொழிலில் இதற்கு ஸ்ப்ளிட் பிரெயின், பிளவுபட்ட மூளை, என்று பெயர். பாடத்தில் படித்திருக்கிறேன். முற்றத்தில் நின்று மூச்சு வாங்கும்போது அந்தப் பெயர் நினைவுக்கு வரவில்லை.

4. எதை நிறுத்துவது

சப்போர்ட் ஆள் லைனுக்குத் திரும்பி வந்தார். ஏதாவது ஒன்றை நிறுத்துங்கள், பிறகு இணைக்கும்போது ஓடுவதன் தகவல் நிறுத்தியதன் மேல் எழுதப்பட்டுவிடும் என்றார். நிறுத்தியதில் இருக்கும் புதிய தகவல் என்ன ஆகும் என்று கேட்டேன். போய்விடும் என்றார், பஸ் போய்விடும் என்பது போல.

சில மையங்கள் முதலாவதிடமிருந்து உத்தரவு வாங்கிக்கொண்டிருந்தன. புள்ளலூரும் இன்னும் சிலவும் இரண்டாவதிடம். முந்தின நாளிலிருந்து இரண்டிலும் ஆட்கள் வெவ்வேறு மாற்றங்களைச் செய்திருந்தார்கள். எதுவும் பொய் இல்லை. எதை நிறுத்தினாலும் யாரோ செய்த வேலை அழியும். உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பிரித்தெடுக்கலாம். ஆனால் பால் அதுவரை காத்திருக்காது.

முதலில் டேங்கர்களை நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. கோதண்டம் சாரிடம், எல்லா டிரைவருக்கும் போன் போட்டு எங்கே இருக்கிறார்களோ அங்கேயே நிற்கச் சொல்லுங்கள், திரையில் வருவதை யாரும் நம்ப வேண்டாம் என்றேன். உடனே போனை எடுத்தார். சாலவாக்கத்தில் நின்ற காலி டேங்கரைப் புள்ளலூருக்குத் திருப்பிவிட்டதும் அவர்தான்.

நான் இரண்டு சர்வரிலும் எத்தனை மையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பார்த்தேன். முதலாவதில்தான் அதிகம். எனக்கு வேறு அளவுகோல் கிடைக்கவில்லை. இரண்டாவதை நிறுத்தினேன். மையங்கள் ஒவ்வொன்றாக முதலாவது பக்கம் வந்து சேர்ந்தன. டேங்கர் புள்ளலூருக்குப் போய்ச் சேர்ந்தது. கூலரில் இருந்த பால் தப்பியது. வெளியே நின்ற கேன்களில் சில திரிந்துவிட்டன.

5. வைக்கோல்

குரல் ஏன் கேட்கவில்லை என்பது மதியம்தான் தெரிந்தது. ஆன்டெனாவைச் சோதிக்க மொட்டைமாடிக்கு ஏறினேன். எதிர்க் கட்டடத்தின் ஆன்டெனா கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை. நடுவில் வைக்கோல் நின்றது.

அறுவடை முடிந்ததும் எங்கள் நிறுவனம் வைக்கோல் வாங்கி, கட்டாகக் கட்டி, பால் ஊற்றுகிறவர்களுக்குக் கொடுக்கும். அந்தக் கட்டுகளை முற்றத்தில் அடுக்கிக்கொண்டே போயிருந்தார்கள். லோடு வந்தால் அடுக்கு உயரும், இணைப்பு அறுந்துபோகும். லாரி ஏற்றிக்கொண்டு போனால் இறங்கும், இணைப்பு திரும்ப வரும். வேதவல்லியின் பாஸ்வேர்டு நாடகம் எல்லாம் இதற்கேற்பத்தான் நடந்திருக்கிறது: இணைப்பு அறுந்த நேரத்தில் ஒரு சர்வரில் மாற்றிய பாஸ்வேர்டு மற்றொன்றுக்குத் தெரியாது. முந்தின நாள் பெய்த மழையில் கட்டுகள் வேறு நனைந்திருந்தன, ஈர வைக்கோல் அலையை இன்னும் அடைக்கும். அந்தக் காலையில் ஓடி ஓடி நான் சுற்றிப்போனது அந்தக் காரணத்தையேதான்.

கோதண்டம் சாரை மேலே கூப்பிட்டுக் காட்டினேன்.

"மாடு துன்ற வைக்கோலு கம்ப்யூட்டரை இன்னாம்மா பண்ணும்?" என்றார்.

மறைக்கும் என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலமே கட்டுகளை வேலி ஓரமாக மாற்றி அடுக்கச் சொல்லிவிட்டார்.

6. புள்ளலூரில் ஒரு கேள்வி

சாயங்காலம் திரும்ப இணைத்தபோது இரண்டாவது சர்வரில் அழிந்தவை எவை என்று மறுநாள் தெரிந்தது. புள்ளலூரில் புதிதாகப் பால் ஊற்றச் சேர்ந்த சில பெண்களின் பெயர்கள் இரண்டாவது சர்வரில் மட்டும் பதிந்திருந்தன. மையத்துக்கு வந்தவர்களிடம் உங்கள் பெயர் இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. நானே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன், திரும்பப் பதிய.

அவர்களில் ஒருவர், கூலி வேலைக்குப் போகிறவர், அப்போதுதான் முதன்முதலாக ஒரு மாடு பிடித்திருந்தார். கேனைக் கீழே வைக்காமலேயே பேசினார். "முந்தாநேத்துதான குடுத்தேன் பேரு. எங்க போச்சு?"

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியவில்லை. இரண்டு சர்வர் இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் உத்தரவு போட்டுக் குழப்பியது, ஒன்றை நிறுத்தினேன், உங்கள் பெயர் அதில் இருந்தது என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப என் பேரு இல்லாததயா பாத்து வெச்சுக்கினே?"

அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதிக மையங்கள் அந்தப் பக்கம் இருந்தன என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டுப் பெயரைப் பதிந்தேன், பாலை ஊற்றினார், போய்விட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் செய்தது சரியா என்று யோசித்தேன். சரி என்று ஒரு கிலோமீட்டர் தோன்றும், அடுத்த கிலோமீட்டரில் தோன்றாது.

7. மூன்றாவது ஓட்டு

அதன் பிறகு இரண்டு வேலைகள் செய்தோம். ஹார்ட்பீட்டுக்கு இன்டர்நெட் வழியாக இன்னொரு பாதை கொடுத்தோம். கூரம் மையத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை விட்னஸ், அதாவது சாட்சி, என்று வைத்தோம். அது எந்த மையத்தையும் மேய்க்காது. இரண்டு சர்வரும் ஒன்றையொன்று கேட்க முடியாதபோது, தன் ஓட்டை ஒன்றுக்கு மட்டும் கொடுக்கும். ஓட்டு கிடைக்காதது தானாகவே ஒதுங்கிவிட வேண்டும்.

இந்தத் தடவை சோதனையை வேறு மாதிரி செய்தேன். மின்சாரத்தைத் தொடவில்லை. இரண்டு சர்வரையும் ஓடவிட்டு, கூரத்துக்குப் போகும் வழியை மட்டும் விட்டு, அவற்றுக்கு நடுவே இருந்த இரண்டு பாதைகளையும் அறுத்தேன். கோதண்டம் சார் என்னோடு தீவனக் கட்டடத்தில், இரண்டாவது சர்வரின் திரைக்கு முன்னால் நின்றார். அது முதலாவதைக் கூப்பிட்டுப் பார்த்தது. பதில் இல்லை. கூரத்திடம் ஓட்டுக் கேட்டது. அந்த ஓட்டு ஏற்கெனவே முதலாவதற்குப் போயிருந்தது. அதோடு இரண்டாவது ஒரு உத்தரவும் அனுப்பாமல் ஒதுங்கி நின்றது.

"எழுந்திரிக்கவே இல்லியேம்மா. கெட்டுப்போச்சா?" என்றார்.

"இல்ல சார். தனக்கு நிச்சயமா தெரியலன்னு அதுக்குத் தெரிஞ்சிடுச்சு. அதான் சும்மா நிக்குது."

ஸ்டாண்ட்பை என்றால் பாய்ந்து பொறுப்பேற்பது என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய வேலை, தெரியாத நேரத்தில் சும்மா நிற்பது. புதிதாக இரட்டை சர்வர் அமைக்கிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: சர்வரைக் கொன்று பார்ப்பது பாதிச் சோதனை. இரண்டையும் உயிரோடு வைத்துப் பேச்சை மட்டும் அறுத்துப் பாருங்கள். ஒன்றை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அதில் மட்டும் இருப்பது யார் யார் என்று முதலில் வெளியே எடுத்து வையுங்கள். எதை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. எதில் யாருடைய பெயர் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தால், அவரிடம் போய் நிற்கும்போது சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.